படிப்பைப் பாதியில் மாற்றப் போகிறீர்களா? டிசி கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பி.ஃபார்ம் மூன்றாவது செமஸ்டரில், ஒரு நவம்பர் மாதம், படிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். பி.எஸ்சி. நர்சிங் படிப்பது என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவில் தப்பில்லை. இப்போது நர்சிங் கடைசி ஆண்டில் இருக்கிறேன். தப்பெல்லாம் நவம்பரில்தான். அந்த ஆண்டுச் சேர்க்கை அதற்குள் முடிந்துபோயிருந்தது. அடுத்த கவுன்சலிங் வரும்வரை எட்டு மாதம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிய இரண்டாம் ஆண்டுக் கட்டணம் திரும்பி வரவில்லை. சான்றிதழ்கள் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. இதில் பாதி, யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

கீழே இருப்பதெல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு. ஃபார்மசி, நர்சிங், பிசியோதெரபி, பல் மருத்துவம், லேப் டெக்னாலஜி என்று ஏதோ ஒன்றில் சேர்ந்துவிட்டு, இன்னொன்றுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. பிடிக்காதது படிப்பா, காலேஜா, அரியரா?

முதல் வேலை இது. காசு செலவில்லாத வேலையும் இதுதான். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இதே படிப்பு, வேறு ஊர், வேறு ஹாஸ்டல், அரியர் எதுவும் இல்லை. அப்படி இருந்தால் தொடர்வீர்களா? தொடர்வேன் என்று தோன்றினால் உங்கள் சிக்கல் படிப்பில் இல்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் அரியர் விழுந்த வாரத்தில் என் வகுப்பில் பத்துப் பேராவது படிப்பை விடுவதாகச் சொன்னார்கள். கடைசியில் விட்டது நான் ஒருவன்தான்.

என் காரணம் வேறு. முதல் ஆண்டு முடிவில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். மருந்துக் கிடங்கைக் காட்டினார்கள். எனக்கோ கண் முழுக்க வார்டு பக்கமே இருந்தது. அதற்காக அந்த ஒரு நாளை நம்பி முடிவு எடுத்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு மாதம், தினமும் வகுப்பு முடிந்ததும் இன்று எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இரண்டு வரி எழுதி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் படித்தால் நம் மனசு நமக்கே தெரிந்துவிடும்.

2. போக நினைக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பாருங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வேலையும் வெள்ளைக் கோட்டுதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா ஸ்டாஃப் நர்ஸ். அவரிடம் போய் நின்றபோது, "நைட் டூட்டி நாலு நாள் பாத்துட்டு வா கண்ணு, அப்புறம் பேசலாம்" என்றார். அவர் வேலை பார்த்த சின்ன மருத்துவமனையிலேயே அனுமதி கேட்டுக் கொடுத்தார். நான்கு இரவு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பெட்பேன் மாற்றுவது, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைத் திருப்பிப் போடுவது, விடிகாலை நாலு மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டே சார்ட் எழுதுவது, நோயாளியின் மச்சானிடம் திட்டு வாங்குவது. எல்லாம் பார்த்த பிறகும் போகவேண்டும் என்றுதான் தோன்றியது.

நீங்கள் எந்தத் துறைக்குப் போவதாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். பிசியோதெரபி என்றால் ஒரு கிளினிக்கில், லேப் என்றால் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கும் இடத்தில். முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். நோயாளியைத் தொடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். வேலையில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு ஆனவரிடம் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் மட்டுமல்ல, "பத்து வருஷம் கழிச்சு என்னவா இருப்பீங்க?" என்பதும்தான்.

3. ஆண்டுக் கணக்கு

படித்த ஓராண்டையோ இரண்டாண்டையோ புதிய படிப்பில் கழித்துக்கொள்வார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். கழிக்க மாட்டார்கள். பி.ஃபார்மில் அனாடமி பாஸ் செய்திருந்தாலும் நர்சிங்கில் அனாடமி முதலிலிருந்துதான். பல் மருத்துவத்தில் ஓராண்டு முடித்தவர் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் உட்கார முடியாது. ஒவ்வொரு படிப்புக்கும் விதி வகுக்கும் கவுன்சில் வேறு, பாடத்திட்டம் வேறு. பாதியில் விட்டால் கையில் வேறு தகுதியும் மிஞ்சாது. பி.ஃபார்ம் இரண்டு ஆண்டு படித்ததற்காக டி.ஃபார்ம் என்ற டிப்ளமோ சான்றிதழ் கொடுப்பதில்லை. நானே போய்க் கேட்டுப் பார்த்தேன்.

ஆகவே முழு ஆண்டுகளையும் எண்ணுங்கள். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, மேலே ஓராண்டு பயிற்சி. பல் மருத்துவம் நான்கு, மேலே ஒன்று. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி பயிற்சியோடு ஐந்தரை. நர்சிங்கும் பி.ஃபார்மும் நான்கு. மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்த ஃபார்மசி படிப்பான ஃபார்ம்.டி. ஆறு. பிசியோதெரபி பயிற்சியோடு நாலரை என்றிருந்தது. 2021 சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையம் இந்தத் துணை மருத்துவப் படிப்புகளின் பாடத்திட்டங்களை மாற்றிக்கொண்டு வருவதால், நீங்கள் சேரும் ஆண்டின் விவரக் கையேட்டில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது கழித்துப் பாருங்கள். பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு முடிவில் இருப்பவருக்குப் பட்டம் இரண்டு ஆண்டில். நர்சிங்குக்கு மாறினால் நான்கு ஆண்டில். வித்தியாசம் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டுச் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: முதல் ஆண்டில் இருப்பவர் தைரியமாக மாறலாம். இரண்டாம் ஆண்டில் இருப்பவர் முதல் இரண்டு படிகளில் சொன்னதைச் செய்துவிட்டு மாறலாம். மூன்றாம் ஆண்டைத் தொட்டுவிட்டால் முடித்துவிடுவதே நல்லது. முடித்த பிறகும் வழி இருக்கிறது. பி.ஃபார்ம் முடித்தவர் நேராக ஃபார்ம்.டி. நான்காம் ஆண்டில் சேர்ந்து மூன்று ஆண்டில் முடிக்கலாம், வார்டு பக்கமும் போகலாம். பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம் போன்ற மேற்படிப்புகளுக்கு எம்.பி.பி.எஸ். தான் வேண்டும் என்பதில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் நர்சிங்குக்குத்தான் வந்திருப்பேன், அது வேறு விஷயம்.

4. தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்

பி.ஃபார்மில் கணிதப் பிரிவு மாணவர்களையும் சேர்ப்பார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். நர்சிங்குக்கு உயிரியல் இல்லாமல் முடியாது. என்னோடு சேர்ந்து மாற நினைத்த அறைத் தோழன் கணிதப் பிரிவு. மூன்று மாதம் கனவு கண்டுவிட்டு, விண்ணப்பம் நிரப்பும் அன்றுதான் கண்டுபிடித்தான்.

வயது வரம்பையும் பாருங்கள். நர்சிங்குக்கு மேல் வயது வரம்பு உண்டு. நீட் எழுத இப்போது மேல் வயது வரம்பு இல்லை. சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருந்தால் போதும். ஏற்கெனவே ஒரு படிப்பில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க என்ன நிபந்தனை என்பதைக் கையேட்டின் தகுதிப் பகுதியில் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாமே என்றும் ஒரு யோசனை வரும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் வழி திறந்தது உண்மை. ஆனால் தொழிற்படிப்புகளுக்கு அந்தந்தக் கவுன்சில் விதிதான் செல்லும். நர்சிங்கில் எழுத்துப் பாடத்துக்கு 80 சதவீத வருகை, வார்டுப் பயிற்சி மணி முழுக்க முழுக்க 100 சதவீதம். இன்னொரு காலேஜுக்குப் போக நேரம் எங்கே?

5. தேதிகள்

நான் சறுக்கிய இடம். நர்சிங், பி.ஃபார்ம், பிசியோதெரபி உள்ளிட்ட துணை மருத்துவப் படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. நர்சிங்குக்கும் பி.ஃபார்முக்கும் நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். பிசியோதெரபிக்கு நீட் கேட்கிறார்களா என்று அந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள். பழைய ஆண்டு மதிப்பெண்ணோடும் விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ முடிவு வந்து சில வாரங்களில் விண்ணப்பம் திறக்கும். திறந்திருக்கும் நாட்கள் குறைவு. மே முதல் தேதியிலிருந்து தினமும் தேர்வுக் குழுவின் இணையதளத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆக, மாற நினைப்பவருக்கு ஆண்டில் ஒரே ஒரு கதவுதான். அது ஜூனை ஒட்டித் திறந்து, சேர்க்கைக்கான கடைசித் தேதியோடு மூடிவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு, "நாங்க பாத்துக்கறோம், சேருங்க" என்று ஒரு காலேஜ் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் உங்கள் பெயர் பதிவாகாமல் போனால் முதல் ஆண்டுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது.

நடு ஆண்டில் கசந்தால் என்ன செய்வது? இருந்த இடத்திலேயே இருங்கள். வகுப்புக்குப் போங்கள், தேர்வு எழுதுங்கள். புதிய சீட் கிடைக்காமல் போனால் திரும்பி நிற்க ஓர் இடம் வேண்டும். உடல்நிலை, மனநிலை காரணமாக உண்மையிலேயே இருக்க முடியாது என்றால், படிப்பை விடாமல் இடைவெளி எடுக்கும் வழி இருக்கிறதா என்று முதல்வரிடம் கேளுங்கள். பிரேக் ஆஃப் ஸ்டடி என்பார்கள். திரும்பி வரும்போது பல்கலைக்கழக அனுமதியும் கட்டணமும் வேண்டியிருக்கும். எவ்வளவு காலம்வரை சீட் இருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. எம்.பி.பி.எஸ். தான் வேண்டும் என்பவர்களுக்கு

இவர்கள் தனிக் கூட்டம். நீட் வழக்கமாக மே மாதம் முதல் ஞாயிறு. விண்ணப்பம் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். 2025-இல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டிக்கு 1,000. எத்தனை முறை எழுதலாம் என்பதற்குக் கணக்கில்லை. அதுதான் ஆபத்தும். ஒவ்வொரு ஆண்டும் இன்னும் ஒரு தடவை என்று போய்க்கொண்டே இருக்கும். இங்கே எண்பது சதவீத வருகையையும் காப்பாற்றிக்கொண்டு, இரவில் பிளஸ் டூ இயற்பியலைத் தூசி தட்டுவது எல்லோராலும் ஆகாது. எத்தனை தடவை என்று முதலிலேயே எழுதி வைத்து, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 2020 சட்டத்தின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணமும் அரசு பார்த்துக்கொள்ளும். அதற்குப் பள்ளியிலிருந்து படிப்புச் சான்று வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க வேண்டும். ஏப்ரல், மே விடுமுறைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

7. பணம்

நான்கு வரியாக எழுதுங்கள்: இதுவரை கட்டியது, விட்டால் கட்ட வேண்டியது, புதிதாகக் கட்ட வேண்டியது, நின்றுபோகும் உதவி. எல்லோரும் மூன்றாவதை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

விட்டால் கட்ட வேண்டியது: நீங்கள் சேர்ந்த ஆண்டின் விவரக் கையேட்டையும், சேரும்போது கையெழுத்துப் போட்ட உறுதிமொழியையும் எடுத்துப் படியுங்கள். கவுன்சலிங் மூலம் வந்த சீட்டைக் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விட்டால் அபராதம் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம், பல் மருத்துவத்தில் அந்தத் தொகை சின்னதாக இருக்காது.

திரும்பி வருவது: யுஜிசி 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னால் விலகினால் முழுக் கட்டணம், அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி கழிந்து 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதன்பின் ஒன்றுமில்லை. முதல் ஆண்டில், சேர்ந்த சூட்டோடு விலகுபவருக்குத்தான் இது பயன்படும். ஆனால் அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: நடக்கும் செமஸ்டர் அல்லது ஆண்டுக்கு மேல் முன்கூட்டிக் கட்டணம் கேட்கக் கூடாது, அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது. என்னிடம் மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அப்பா இந்த அறிவிப்பை அச்செடுத்து மனுவோடு இணைத்தார்.

கல்விக் கடன்: படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை என்ற சலுகை அந்தப் படிப்புக்குக் கொடுத்தது. காலேஜை விட்டதை வங்கி தானாகத் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்காதீர்கள். மேலாளரைப் பார்த்து, புதிய சேர்க்கைக் கடிதத்தைக் கொடுத்து, கடனைத் தொடர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

உதவித்தொகை: முதல் பட்டதாரிச் சலுகை, எஸ்சி, எஸ்டி மாணவர் உதவித்தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், எதுவானாலும் படிப்பு மாறினால் தொடருமா என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் மாற வேண்டும். காலேஜ் கிளார்க் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பாவம், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சில்லறைச் செலவும் சேரும். நர்சிங்கில் யூனிஃபார்ம் மூன்று செட், ஷூ, புத்தகம், பிபி கருவி, வார்டுக்குப் போய்வர பஸ் என்று முதல் இரண்டு மாதத்தில் எனக்குப் பதினைந்தாயிரம் போனது.

8. சான்றிதழ்கள்: வரிசை முக்கியம்

கவுன்சலிங்குக்கு அசல் வேண்டும். அசல் பழைய காலேஜில் இருக்கும். அசலைக் கேட்டால் படிப்பை விட்டுவிட்டுப் போ என்பார்கள். விட்டுவிட்டால், சீட் கிடைக்காவிட்டால் நடுத்தெரு. எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இதற்கு வழி போனஃபைடு. இவர் எங்கள் மாணவர், இவருடைய இன்னின்ன அசல் சான்றிதழ்கள் எங்களிடம் இருக்கின்றன என்று முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும் தாள். அதையும் சான்றொப்பமிட்ட நகல்களையும் வைத்துக் கவுன்சலிங்கை முடித்துவிட்டு, சேரும்போது அசலைக் கொடுக்கலாம். அந்த ஆண்டுக் கையேட்டில் இதற்கான பத்தி இருக்கிறதா, எந்த வாசகத்தில் கேட்கிறார்கள் என்று பார்த்து அதே வாசகத்தில் வாங்குங்கள்.

நான் செய்திருக்க வேண்டிய வரிசை இது:

பிப்ரவரியில், அசல் காலேஜில் இருந்தால் கையிலிருக்கும் நகலை வைத்தாவது, எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆதார். காலேஜிடம் ஒரு நகலுக்காகப் போய்க் கேட்டாலே சந்தேகம் வந்துவிடும்.

ஏப்ரலில் வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் போன்றவற்றை இ-சேவையில் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். மே, ஜூனில் தாலுகா அலுவலகமே திருவிழாக் கூட்டமாக இருக்கும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், பழையதை நீட்டாதீர்கள்.

விண்ணப்பித்த பிறகு போனஃபைடு.

ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்த அன்றே விலகல் கடிதம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட் (நான் அனுப்பிய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது). நூலகம், லேப், ஹாஸ்டல் பாக்கி இல்லை என்ற கையெழுத்துகளை ஒரே நாளில் வாங்கப் பாருங்கள். எனக்கு ஹாஸ்டல் வார்டன் விடுமுறையில் போனதால் நான்கு நாள் போனது. அசலைத் தர இழுத்தடித்தால் அடுத்த மனு பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, நகல் முதல்வருக்கு. எனக்கு இரண்டு மனு, ஒரு பதிவுத் தபால் ஆனது. குரலை உயர்த்தியதால் எதுவும் நடக்கவில்லை, ஒப்புகை அட்டை வந்த பிறகுதான் நடந்தது.

டிசி கடைசியில். அதைக் கையில் வாங்கியவுடன் பெயர், பிறந்த தேதி, பிரிவு எல்லாவற்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் மைக்ரேஷன் சான்றிதழும் தனியாக வாங்க வேண்டும்.

ஒரு ஏஜென்ட் என்னிடம், "பழைய காலேஜ் டிசி எதுக்கு தம்பி, ஸ்கூல் டிசி காணோம்னு டூப்ளிகேட் வாங்கி அதுல சேந்துக்கலாம்" என்றார். அந்தப் பக்கமே போகாதீர்கள். இரண்டு காலேஜும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தால் பழைய பதிவு எண் எப்படியும் வெளியே வரும். இன்னொரு ஏஜென்ட் நர்சிங் அசிஸ்டன்ட் டிப்ளமோவை நர்சிங் என்றே சொல்லி விற்கப் பார்த்தார். அதைப் படித்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது. காலேஜின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் பல்கலைக்கழகப் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

9. வீட்டில் சொல்வது

"படிப்புப் பிடிக்கவில்லை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே சண்டையாகிவிடும். நான் அப்படித்தான் தொடங்கினேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்து வைத்து, "எவ்வளவு ஆகும், எப்ப முடியும், சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. மூன்றாவது, ஏழாவது படிகளில் சொன்ன கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.

10. சேர்ந்த பிறகு

பழைய காலேஜின் ஹால் டிக்கெட், செமஸ்டர் மார்க் ஷீட், கட்டண ரசீது, விலகல் கடிதத்தின் பிரதி எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேலைக்கோ வெளிநாட்டுப் பதிவுக்கோ விண்ணப்பிக்கும்போது பிளஸ் டூவுக்கும் நர்சிங்குக்கும் நடுவில் இரண்டு ஆண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் காட்ட அவைதான் இருக்கும். பழைய காலேஜில் கொடுத்திருந்த கைப்பேசி எண்ணையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். உதவித்தொகை, வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். எனக்கு முன்வைப்புத் தொகை இரண்டாயிரம் ரூபாய் திரும்பி வருவதாகக் குறுஞ்செய்தி வந்தது அந்த எண்ணுக்குத்தான், விலகி பதினான்கு மாதம் கழித்து.